நாள், இடம், செடி

"பூச்சிக்கு உடம்பு சரியில்லையாம்மா? எதுக்கு மருந்து வாங்குறீங்க?" என்று உரக்கடை வாசலில் நின்றபடி என் மகன் கேட்டான். அவனுக்கு வயது ஆறு. கறிவேப்பிலைச் செடியைப் புழு மொட்டையடிக்கிறது என்று மாமியார் சொல்லியிருந்ததால், பூச்சி மருந்து வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையை மிரட்டுவதற்கும், துவரம்பருப்பில் ஊர்வது எதுவானாலும் அதைச் சுட்டுவதற்கும், கொல்லும் நஞ்சை மருந்து என்று அழைப்பதற்கும் மட்டுமே 'பூச்சி' என்ற சொல் எங்கள் வீட்டில் பயன்பட்டு வந்திருக்கிறது என்பது அவன் கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்று எதையும் வாங்காமல் திரும்பினோம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அவனையும் ஒன்பது வயது மகளையும் கோயம்புத்தூரில் இருக்கும் பூச்சி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதென்று அன்றிரவே முடிவு செய்தோம்.

கரூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கோவை வந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், வேளாண் பூச்சியியல் துறையினர் 2018-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பயிரைத் தின்னும் பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் இடத்தில் அது அமைந்திருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப்பட்டது. பூச்சி அழகானது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட முடியாத இடம் அது. அதே வளாகத்தில்தான் காண்டாமிருக வண்டைத் தென்னையிலிருந்து எப்படி விரட்டுவது என்றும் பாடம் நடக்கிறது.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிகள். முன்பெல்லாம் துணி அலமாரியைத் திறந்தால் வரும் அந்துருண்டை வாசம் என் நினைவுக்கு வந்தது. வரிசை வரிசையாக, ஊசி குத்தி, இறக்கை விரித்து, தட்டான்களும் வெட்டுக்கிளிகளும் வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் இருந்தன. இதுவரை உலகில் பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 லட்சம். அவற்றில் வண்டுகள் மட்டுமே 4 லட்சத்துக்கு அருகில் வருகின்றன. எண்ணைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண்தான். ஆனால் கடுகளவு வண்டிலிருந்து உள்ளங்கை நிறைக்கும் வண்டு வரை ஒரே பார்வையில் வரும்போது, மகன் தானாகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடக்கத் தொடங்கினான்.

மகள்தான் முதலில் அதைக் கேட்டாள்: "இதெல்லாம் தானா செத்ததா, கொன்னாங்களாம்மா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தும் நான் பதிலைத் தயார் செய்து வைத்திருக்கவில்லை. அருகில் நின்ற ஆராய்ச்சி மாணவி ஒருவர் அதை மழுப்பாமல் எடுத்துக்கொண்டார். "பெரும்பாலும் பிடிச்சுக் கொன்னதுதான் பாப்பா. அதனாலதான் ஒண்ணக் கொன்னா அது வீணாப் போகக் கூடாதுன்னு இந்தச் சீட்டு எழுதுறோம்" என்று சொல்லி, வேறொரு பெட்டியில் ஊசிக்குக் கீழே குத்தியிருந்த, நகத்தளவு கூட இல்லாத வெள்ளைக் காகிதத் துண்டைக் காட்டினார். எந்த ஊரில் பிடிபட்டது, எந்த நாளில், எந்தச் செடியில், பிடித்தவர் யார் என்ற நான்கும் அதில் எறும்புக் கால் போன்ற எழுத்தில் இருந்தன. அந்தச் சீட்டு தொலைந்துபோனால் எவ்வளவு அரிய பூச்சியானாலும் ஆராய்ச்சிக்குப் பயனில்லை. சீட்டு இருந்தால், ஐம்பது ஆண்டுகள் கழித்து வருகிறவரும் இந்த ஊரில் இந்த மாதத்தில் இந்தச் செடியில் இந்தப் பூச்சி இருந்தது என்று அறிந்துகொள்ளலாம்.

அவர் இன்னொன்றும் காட்டினார். வண்ணத்துப்பூச்சிக்கு ஊசி மார்பின் நடுவே இறங்கியிருந்தது. வண்டுகளுக்கோ வலப்பக்க இறக்கையுறையில் இறங்கியிருந்தது. நடுவில் குத்தினால் இனம் காண உதவும் குறிகள் சிதைந்துபோகும் என்பதால், வலது பக்கத்தைக் கெடுத்தாலும் இடது பக்கமும் நடுக்கோடும் முழுமையாக இருக்கட்டும் என்று எல்லா நாட்டினரும் இந்த முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். மகள் பெட்டிக்குப் பெட்டி போய் ஊசி வலப்பக்கம்தான் இருக்கிறதா என்று சரிபார்த்தாள். செத்த பூச்சியைக் கண்டு கலங்கிய பிள்ளைக்கு, அதைக் கையாண்டவர்களின் கவனம் கண்ணில் பட்டபிறகு கலக்கம் முற்றிலும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்க அவளால் முடிந்தது.

மகனுக்குப் பிடித்தது காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த அட்லாஸ் அந்துப்பூச்சி. இறக்கை விரிந்தால் ஒரு சாண் அகலத்துக்கும் மேல். இறக்கை நுனி பாம்புத் தலை போல வளைந்து, கண் வைத்ததுபோல் ஒரு புள்ளியும் இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் பூச்சிதான். வளர்ந்த அந்துப்பூச்சிக்கு உண்ண வாய் இல்லை, புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே இணைதேடி, முட்டையிட்டு, சில நாட்களில் இறந்துவிடும் என்று கேட்டதும் அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பசிச்சா என்ன பண்ணும்?" என்றான். ஊருக்குத் திரும்பும் பேருந்திலும் அதையே கேட்டான். எனக்கு இன்றுவரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

நாங்கள் இருந்த நேரத்தில் ஒரு பள்ளிப் பேருந்து வந்து நின்றது. அறுபது எழுபது பிள்ளைகள் வரிசையாக ஒரு வாசலில் நுழைந்து, "தொடாதே, நிக்காதே, நட" என்ற குரல்களுக்கிடையே பத்து நிமிடத்தில் மறு வாசலில் வெளியேறினார்கள். ஒரு சிறுவன் மட்டும் பொன்வண்டுப் பெட்டி முன் நின்றுவிட்டான். அவனைத் தோளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவனுக்காக எனக்கு மனம் மிகவும் வலித்தது. இங்கே வருகிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: எல்லாப் பெட்டியையும் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை எந்தப் பெட்டி முன் நிற்கிறதோ, அதன் முன் நீங்களும் நின்றால் போதும். நான் சிறுமியாக இருந்தபோது தீப்பெட்டியில் பொன்வண்டு வைத்து, கருவேல இலை போட்டு, அது முட்டையிட்ட நாளில் தெருவையே கூட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த ஒரு வண்டைப் பார்த்ததுபோல் வேறெதையும் அவ்வளவு நேரம் பார்த்ததாக நினைவில்லை.

மாவுப்பூச்சியைப் பற்றி அந்த மாணவியிடம் நானே கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு. நாமக்கல் பக்கம் என் பெரியப்பா பப்பாளியும் குச்சிக்கிழங்கும் போட்டிருந்தார். 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பூச்சி, சில மாதங்களில் பப்பாளி, குச்சிக்கிழங்கு, மல்பெரி என்று ஒன்றையும் விடாமல் பரவியது. இலையும் காயும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியப்பா மருந்து மேல் மருந்து அடித்தார். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து பூச்சியின் உடலில் சரியாகப் படவில்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் செத்தன. கடைசியில் பப்பாளி மரங்களை வெட்டிக் கொளுத்தினார். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து ஆராய்ந்து வளர்த்தார்கள். பிறகு இந்தப் பல்கலைக்கழகத்திலும் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தார்கள். குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். ஒரு கடுகின் மேல் ஒன்றிரண்டு உட்காரலாம், அவ்வளவு சிறியது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. அந்த மூன்றில் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற இனம் நம் மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது; ஓராண்டு போல் ஆவதற்குள் மாவுப்பூச்சி அடங்கிப்போனது. பெரியப்பா மறுபடி பப்பாளி வைத்தார். "அப்போ அந்தக் குளவி நல்ல பூச்சியா?" என்று மகள் கேட்டாள். பெரியப்பாவுக்கு நல்லது என்று சொன்னேன். அந்த நேரத்துக்கு அந்தப் பதில் போதுமானதாகத் தோன்றியது.

திரும்பும் வழியில் அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தில் நான்கு கோடுகள் கிழித்து, இடம், நாள், செடி, சேகரித்தவர் என்று எழுதினாள்.

ஸ்ரீரங்கத்துக்குப் போனது பொங்கலுக்குப் பிறகு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், மேலூரில், மேலணைக் காப்புக்காட்டை ஒட்டி வனத்துறை 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அது; ஏறத்தாழ 25 ஏக்கர். கூடு போன்ற உள்ளரங்கம் ஒன்றும், புழு வளர்க்கும் ஆய்வகமும் அங்கே இருந்தாலும், பூங்காவின் பெரும்பகுதி திறந்தவெளி. பூச்சிகளைப் பிடித்து அடைப்பதைவிட, அவற்றுக்கு வேண்டிய செடியை நட்டுவைத்து வரவழைப்பதே அந்த இடத்தின் வழி. இரண்டு ஆறுகளின் ஈரமும் பக்கத்தில் காடும் இருப்பதால் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே கண்டறியப்பட்டிருக்கின்றன.

நாங்கள் காலையில் சீக்கிரமே போய்விட்டோம். வெயில் இல்லாமல் வண்ணத்துப்பூச்சி பறக்காது. அதன் உடம்புக்குத் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும் வலு இல்லை என்பதால், முதலில் இறக்கையை விரித்து வெயில் காய வேண்டும். முதல் அரை மணி நேரம் எதுவுமே தென்படவில்லை. எங்களோடு நுழைந்த குடும்பம் ஒன்று, "ஒண்ணையும் காணோமே" என்று சொல்லிவிட்டு ஊஞ்சல் பக்கம் போய்விட்டது. என் மகனும் அழும் நிலைக்கு வந்தான். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அவனைக் கூப்பிட்டு, "மேல பாத்தா தெரியாது சாமி, இலையப் பாரு. எந்த இலையில ஓட்டை இருக்கோ அங்கதான் இருக்கும்" என்றார். அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். அதன் பிறகு பிள்ளைகள் இருவரும் நிமிரவே இல்லை.

எருக்கு இலையின் அடியில் கறுப்பும் மஞ்சளுமாக வரியிட்ட புழு ஒன்று தின்றுகொண்டிருந்தது. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. நஞ்சை உடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால், வளர்ந்து பறக்கும்போதும் பறவைகள் அதை வாயில் போட அஞ்சும். ஆடுதின்னாப்பாளை என்று நம் ஊரில் பெயர் பெற்ற செடியைத் தின்று வளரும், சிவப்பு உடல் கொண்ட 'அழகி' வகை வண்ணத்துப்பூச்சிகளும் அப்படித்தான். ஆடே தொடாத செடி என்று பெயரிலேயே சொல்லி வைத்த நம் முன்னோரின் கூர்மையை அங்கே நின்றபோது மிகவும் வியந்தேன். இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கறிவேப்பிலை அழகி என்ற இனத்தின் உடலில் நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு பகுதி, நஞ்சுள்ள அந்த அழகிகளைப் போலவே பின்னிறக்கையில் சிவப்புப் பொட்டு இட்டுக்கொண்டு பறக்கும். இன்னொரு பகுதிப் பெண்கள் ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைப் பட்டையோடு இருக்கும். ஒரே தாயின் பிள்ளைகளில் கூட இரண்டு விதமும் வரலாம்.

வெயில் ஏறியதும் கிலுகிலுப்பைச் செடிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் பார்த்ததை மறக்க மாட்டேன். காய்ந்து ஒடிந்த ஒரு கிளை. அதில் பூவும் இல்லை, பச்சை இலையும் இல்லை. அதன்மேல் முப்பது நாற்பது நீல வரியன்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, உறிஞ்சுகுழலை நீட்டிக் காய்ந்த தண்டைத் துழாவிக்கொண்டிருந்தன. முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோயும் பறக்கவில்லை. குழலின் நுனியில் ஈரம் மின்னியது. காலால் தண்டைப் பிராண்டுவதும், வாய்நீர் விட்டு நனைப்பதும், மறுபடி உறிஞ்சுவதுமாக ஒவ்வொன்றும் தன் வேலையில் மூழ்கியிருந்தது. வந்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடியிலுள்ள கசப்பான நஞ்சைச் சேர்த்துத்தான், பெண்ணை ஈர்க்கும் மணத்தை அவை தம் உடலில் உண்டாக்கிக்கொள்கின்றன. என் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சத்தம் கேக்குது" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை இறக்கைகள் உரசும்போது ஆறு வயதுக் காதுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டிருந்தாள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. அதன் புழு நீரடிமுத்து இன மரத்தின் இலையை உண்பது. மரம் அங்கே இருக்கும்போது பூச்சியும் அங்கேதான் இருக்கும் என்று சொன்னபோது அவள் ஏமாற்றத்தோடு தலையசைத்தாள், ஆனால் நோட்டில் மரத்தின் பெயரை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் நேராகப் போனது கறிவேப்பிலைச் செடிக்கு. ஓட்டை விழுந்த இலைகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. குருவி எச்சம் என்று நாங்கள் இத்தனை நாள் நினைத்திருந்த கறுப்பு வெள்ளைத் துளி மெதுவாக நகர்ந்தது. அதன் அண்ணன்மார் போல் விரல் பருமனுக்குப் பச்சைப் புழுக்கள் மூன்று இருந்தன. மகள் ஈர்க்குச்சியால் ஒன்றின் முதுகை மிக மெல்லத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்சிவந்த இரண்டு கொம்புகள் ஈரமாக வெளியே நீண்டன. புளித்த எலுமிச்சைத் தோல் போல் ஒரு நெடி எழுந்தது. சற்று நேரத்தில் கொம்புகள் உள்ளே போய்விட்டன. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா நசுக்கியிருக்கேன், இதுக்குக் கொம்பு இருக்கறது எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு சுவரோரக் கிளை ஒன்றைக் காட்டி, "இந்த ஒண்ணு இதுகளுக்கு. மத்ததுல ஏறுனா எடுத்து இதுல வுட்டுருங்க, ரசத்துக்கு எனக்குத் தழை வேணும்" என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்.

மூன்று புழுக்களும் அடுத்தடுத்த நாட்களில் அந்தக் கிளையிலேயே கூட்டுப்புழுவாகின. இடுப்பில் ஒற்றைப் பட்டிழையைக் கயிறாகக் கட்டிக்கொண்டு, சற்றே பின்னால் சாய்ந்து, இலைத்தளிரின் பச்சையில் இரண்டும் காய்ந்த தண்டின் பழுப்பில் ஒன்றுமாகத் தொங்கின. பன்னிரண்டாம் நாள் காலையில் முதலாவது வெடித்தது. வெள்ளைப் பட்டை போட்ட ஆண். மறுநாள் இரண்டாவது, சிவப்புப் பொட்டு வைத்த பெண். சுருண்டு ஈரமாக இருந்த இறக்கை, உடலிலிருந்து நீர் பாய்ந்து நிமிர்ந்து விரிவதற்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது முருங்கை மரத்தைத் தாண்டிப் போகும் வரை பார்த்தார்.

மூன்றாவது விரியவில்லை. நாளுக்கு நாள் கறுத்தது. இறக்கையின் வண்ணம் தோலின் வழியே தெரிய வேண்டிய நாள் கடந்தும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஓடி வந்து என்னை அழைத்துப் போனாள். கூட்டின் பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு துளை. அதிலிருந்து பச்சை உலோகம் போல் மின்னும் சிறு குளவிகள் ஒவ்வொன்றாக வெளியேறி, உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டு பறந்தன. தோல் இறுகுவதற்கு முன், கூட்டுப்புழு மென்மையாக இருந்த அந்தச் சில மணி நேரத்தில் ஏதோ ஒரு தாய்க்குளவி வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது. மகன் அறுபத்து மூன்று வரை எண்ணினான். மகளின் கண்கள் நிறைந்திருந்தன. "பெரியதாத்தா தோட்டத்துல வந்ததும் இப்படித்தானம்மா?" என்று கேட்டாள். இனம் வேறு, செய்கை இதேதான் என்றேன். அவள் குளவிகளை விரட்டவில்லை.

அன்று மாலை வெறும் கூட்டைக் காம்போடு நறுக்கித் தீப்பெட்டியில் வைத்தாள். நோட்டிலிருந்து நகத்தளவு துண்டு கிழித்து, கரூர் என்றும், நாளும், கறிவேப்பிலை என்றும், அதற்குக் கீழே 'வந்தது: குளவி, 63' என்றும் எழுதினாள். சேகரித்தவர் என்ற இடத்துக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டுச் சிறிது யோசித்தாள். பிறகு, கிளை அவர்களுடையதுதானே என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே, 'அப்பத்தா' என்று எழுதினாள்.